நூற்றைம்பத்தோரு ரூபாய்ச் சேவல்

திருப்பதியில் எங்கள் வங்கியின் மண்டல அலுவலகம் ஒரு துணிக்கடையின் மேல் மாடியில் இருந்தது. படியேறும்போது புதுத் துணியின் கஞ்சி வாசனை வரும், மேலே போனால் பழைய கோப்புகளின் தூசி வாசனை. எழுபதுகளின் கடைசியில் அங்கே கடன் கண்காணிப்புப் பிரிவில் எனக்கு ஒரு மேஜை கொடுத்தார்கள். நாங்கள் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. கொடுத்தவர்கள் சரியாகத்தான் கொடுத்தார்களா, கிளை மேலாளர் தன் அதிகாரத்துக்கு மேல் கை நீட்டிவிட்டாரா, வாங்கியவர் திருப்பிக் கட்டும் நிலையில் இருக்கிறாரா என்று பார்ப்பதுதான் வேலை. கிளைகளில் எங்களைக் கண்டால் உடனே காபி வரும். அதுவரை நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுவிடும்.

எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. காரணம் என் மூக்கு. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கச் சம்பளமும் கொடுத்து, பஸ் செலவும் கொடுத்தால் யாருக்குக் கசக்கும்? நான் குப்பம் ஊர்க்காரி. என் நைனா கல் உடைக்கப் போனவர். ஊரில் ஒரு கடைக்காரர் அவருக்குக் கடனுக்கு அரிசி போடுவார், எதிர்க் கடைக்காரர் போடமாட்டார். அவரைப் பற்றி இருவருக்கும் தெரிந்தது ஒன்றுதான். பிறகு ஏன் ஒருவர் கொடுக்கிறார், இன்னொருவர் கையை விரிக்கிறார்? இந்தக் கேள்வி சின்ன வயதிலிருந்தே என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. வங்கியில் சேர்ந்தால் பதில் கிடைக்கும் என்று நினைத்தேன். சேர்ந்த பிறகு படிவங்கள் கிடைத்தன.

ஒரு வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் சித்தூர்க் கிளையிலிருந்து ஒரு பேக்கரியின் கோப்பு வந்தது. மாவு பிசையும் மெஷின் வாங்குவதற்குக் கொடுத்த கடன். மாதத் தவணை முந்நூறு ரூபாய். வெகுநாள் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர் மூன்று மாதமாக ஒன்றும் கட்டவில்லை. காரணம் கேட்டு எழுதினேன். கிளை மேலாளரின் பதில் ஒரே வரியில் வந்தது: மாணவர் விடுதியில் காலைச் சிற்றுண்டி ரொட்டியிலிருந்து உப்புமாவாக மாற்றப்பட்டது.

அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். கடன் கொடுக்கும்போது தீ, வெள்ளம், திருட்டு என்று எல்லா ஆபத்தையும் யோசித்து எழுதியிருந்தார்கள். உப்புமாவை யாரும் யோசிக்கவில்லை. சிரித்து முடித்த பிறகுதான் கோப்பை ஒழுங்காகப் படித்தேன். விற்பனையில் பாதிக்கு மேல் அந்த விடுதிக்குப் போனது. அதை நம்பித்தான் மெஷின் வாங்கியிருக்கிறார். அடுத்த கமிட்டியில் கடனை மொத்தமாகத் திருப்பிக் கேட்க முடிவெடுத்தால் மெஷினைத் தூக்கி வந்துவிடுவார்கள். மெஷின் போனால் பேக்கரியும் போகும்.

எங்கள் பிரிவின் தலைவர் கோதாவரிப் பக்கத்துக்காரர். கமிட்டியை நடத்துபவரும் அவரே. தெலுங்கு தவிர வேறொன்றும் பேசமாட்டார், காகிதத்தில் இல்லாத எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். நேரில் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்.

திங்கட்கிழமை காலையில் கிளையில் இருக்க வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையே சித்தூர் போய்விட்டேன். கல்லூரியில் என்னோடு படித்த ஒருத்தி அங்கே மிஷன் பள்ளியில் டீச்சர். பழைய மிஷன் சபைக் குடும்பம் அவளுடையது. நான் போய் இறங்கியபோது, காலை ஆராதனைக்குப் போய் வந்தவள் மறுபடி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"நல்ல நேரத்துக்கு வந்தடி. இன்னிக்கு அறுப்பின் பண்டிகை. ஏலம் நடந்துகினு இருக்கும், வா பாக்கலாம்" என்றாள். ஏலம் என்று காதில் விழுந்ததும் என் கால்கள் தாமாகவே அவள் பின்னால் போயின.

சபையின் கோயில் வளாகத்தில் வேப்பமரத்தடியில் மேஜை போட்டிருந்தார்கள். சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காய், வாழைத்தார், வேர்க்கடலை மூட்டை, கரும்புக் கட்டு எல்லாம் குவிந்திருந்தன. ஒரு சிவப்புச் சேவலைக் காலைக் கட்டி மேஜைமேல் வைத்திருந்தார்கள். ஏலம் விடுகிறவர் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிக் காட்டிக் கூவினார். விலை கேட்ட எனக்குத் தலை சுற்றியது. ஒரு ரூபாய்க்கு மார்க்கெட்டில் கிடைக்கிற பூசணிக்காய் முப்பது ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மறுபடி மேஜையிலேயே வைத்துவிட்டார். அது திரும்பவும் ஏலத்துக்கு வந்தது.

"இன்னாடி இது, வாங்கினவரே திருப்பிக் குடுக்கறாரு?" என்றேன்.

"எல்லாம் அப்படித்தான். அந்தச் சேவல காலையிலேர்ந்து அஞ்சாறு பேரு வாங்கிட்டாங்க. எவனும் அறுக்கல" என்று சிரித்தாள். "பணம்கூட இப்ப யாரும் கட்டமாட்டாங்க. கிறிஸ்துமஸ்குள்ள கட்டணும். இப்ப சும்மா வாயால கேக்கறதுதான்."

"எழுதி வாங்கிக்க மாட்டாங்களா?"

"எதுக்கு எழுதறது? அவ்ளோ பேரு கேட்டுகினு இருக்கமே."

எனக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது. ஜாமீன் இல்லை, அடமானம் இல்லை, கையெழுத்து இல்லை. இரண்டு மாதத் தவணையில், சந்தை விலைக்குப் பல மடங்கில், வீட்டுக்கே வராத பொருளுக்கு இத்தனை பேர் கடன்படுகிறார்கள். ஒருவரும் ஏமாற்றியதில்லையா என்று கேட்டேன். அவளுக்குத் தெரிந்து இல்லையாம். எங்கள் தலைவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன்.

அப்போது சேவல் மறுபடி மேஜைக்கு வந்தது. ஐம்பது, அறுபது என்று ஏறியது. எண்பதில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் "நூத்தியம்பத்தொண்ணு" என்றது. கூட்டம் கைதட்டியது. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவியவர் மூன்றாம் தரம் சொல்லும்போது அவருக்கே மூச்சு வாங்கியது.

"யாருடி அது?"

"பேக்கரி வெச்சிருக்காரே, அவருதான்."

எட்டிப் பார்த்தேன். ஒரு வாரமாகக் கோப்பில் ஒட்டிய சின்னப் போட்டோவில் பார்த்துக்கொண்டிருந்த முகம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, நாலு பேர் கையைக் குலுக்க நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. மூன்று தவணை பாக்கி வைத்துவிட்டு இங்கே வந்து சேவல் எடுக்கிறாரா? அந்தக் கோபத்திலும் என் கண் சும்மா இருக்கவில்லை. வளாகத்தின் கேட்டுக்கு வெளியே, சபையைச் சேராத ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று ஏலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் நாமம். சேவல் விலை படிந்ததும் தலையை ஆட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

"அவரு மைதா மண்டிக்காரரு. வருஷா வருஷம் வந்து வெளியவே நின்னு வேடிக்க பாத்துட்டுப் போவாரு. ஒண்ணும் வாங்கமாட்டாரு" என்றாள் தோழி.

கடைத்தெருவில் விசாரிப்பதும் எங்கள் வேலையில் சேர்த்தி. மறுநாள் காலையில் கிளைக்குப் போகும் வழியில் அந்த மண்டியில் அரைக் கிலோ மைதா வாங்கினேன். வங்கி, பாக்கி என்று எதையும் வாயைத் திறக்காமல், நேற்று அந்தச் சேவலைப் பார்த்தீர்களா, என்ன விலை என்று பேச்சை ஆரம்பித்தேன். வியாபாரி தெலுங்கும் தமிழும் கலந்து உற்சாகமாகப் பேசினார்.

"அதப் பாக்கத்தானம்மா நா போறதே! யாரு இந்த வருஷம் எவ்ளோக்குக் கேக்கறாங்க, யாரு கைய கட்டிகினு நிக்கறாங்கன்னு ஒரு மணி நேரம் நின்னா தெரிஞ்சிடும். பேக்கரிக்காரருக்கு ஹாஸ்டல் போச்சின்னாங்க. ரெண்டு மூட்டைக்கு மேல கடன் குடுக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். நேத்து பாத்தேன். பரவால்லேது. இன்னிக்கு அஞ்சு மூட்டை அனுப்பிச்சிட்டேன்."

மைதாப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் நின்றுவிட்டேன். ஒரே சேவல். அதைப் பார்த்து ஒருவர் ஐந்து மூட்டை மைதா அனுப்புகிறார். அதையே பார்த்த நான் மெஷினைப் பிடுங்கச் சொல்லி எழுதப்போகிறேன். இரண்டு பேரில் யார் முட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் விடுவதாகவும் இல்லை.

கிளை மேலாளர் என்னைப் பேக்கரிக்கு அழைத்துப் போனார். வெல்லமண்டிகளுக்குப் பின்னால் ஓடு போட்ட நீளக் கட்டடம். அடுப்புச் சூட்டில் வாசலிலேயே முகம் காய்ந்தது. பேக்கரிக்காரர் கும்பிட்டபடி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. டீச்சர் பக்கத்தில் நின்று நேற்று எட்டிப் பார்த்த பெண் இவள்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நின்ற இடத்திலேயே முகம் வெளுத்தது. எனக்கே பாவமாக இருந்தது.

"சேவல் நல்லா இருக்குதுங்களா?" என்றேன். என் வாய் அப்படி.

உள்ளே ரொட்டித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கையை முந்தானையில் துடைத்தபடி வந்தார்.

"நீங்க கேக்கறது ஞாயந்தாம்மா. நூத்தியம்பது ரூபா எங்களுக்கு இன்னா சும்மாவா வருது? நேத்து இவுரு வாய மூடிகினு நின்னிருந்தாருன்னா இன்னிக்கு மைதா வந்திருக்காது. வெறகுக்காரனும் வந்து வாசல்ல ஒக்காந்துகினு இருப்பான். மைதா இல்லன்னா உங்க மெஷின்ல இன்னாத்த போட்டுப் பெசையறது, மண்ணையா?"

கிளை மேலாளர் இருமினார். எனக்கு அந்த அம்மாளை மிகவும் பிடித்துப்போயிற்று. அவர்கள் செய்தது தந்திரம்தான். சபையார் முன்னால் நிமிர்ந்து நின்று, தங்கள் கை இன்னும் ஓங்கித்தான் இருக்கிறது என்று ஊருக்குக் காட்டியிருக்கிறார்கள். ஊர் நம்பிவிட்டது. கூட்டத்தில் வங்கிக்காரி ஒருத்தி நிற்பாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

திருப்பதிக்குத் திரும்பி எல்லாவற்றையும் எழுதினேன். தலைவர் படித்தார். கையில் பணம் வைத்துக்கொண்டே கட்டாதவர் என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார். எங்கள் பிரிவில் அந்தத் தலைப்பின்கீழ் ஒரு பெயர் போய்விட்டால் அது திரும்பி வராது. நான் விடவில்லை. கையில் பணம் இருந்தால் கிறிஸ்துமஸுக்குள் தெரிந்துவிடும், ஜனவரிக் கமிட்டி வரை விட்டுவைத்தால் மெஷின் எங்கும் ஓடிவிடாது என்று வாதாடினேன். என் தொல்லை தாங்காமல் சரி என்றார்.

டிசம்பர் கடைசியில் மறுபடி சித்தூர் போனேன். தோழியைக் கேட்டேன். ஏலப் பணம் முழுக்க வந்துவிட்டது என்று சபையில் அறிவித்துவிட்டார்களாம். பேக்கரிக்காரர் நூற்றைம்பத்தோரு ரூபாயையும் கட்டிவிட்டார். வங்கிக்கு வந்தது ஒரு ரூபாய்கூட இல்லை.

இப்போது வந்தது உண்மையான கோபம். நான் அவருக்காகத் தலைவரிடம் மல்லுக்கட்டி இரண்டு மாதம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவரோ எங்களை விட்டுவிட்டுச் சேவலுக்குக் கட்டியிருக்கிறார். டீச்சரையும் இழுத்துக்கொண்டு நேராகப் பேக்கரிக்குப் போனேன். அவரைத் தனியாக மாவு மூட்டைகளின் பக்கம் கூப்பிட்டு, எங்கள் பணத்தை விட்டுவிட்டு அந்தப் பணத்தை ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் கோபமில்லாமல், ஏதோ விளக்கம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"அது நா வாயால சொன்னதும்மா. அவ்ளோ பேருக்கு முன்னால சொன்னது. உங்களுது நீங்க பென்சில்ல புள்ளி வெச்ச எடத்துல கையெழுத்து போட்டது. அதுல இன்னா எழுதிக்கிதுன்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது."

கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுப்பது எல்லாக் கிளைகளிலும் இருந்த பழக்கம். நானே வைத்திருக்கிறேன். அந்தப் பத்திரங்களின் சட்ட ஆங்கிலம் எங்களுக்கே தலையைச் சுற்ற வைக்கும். என் கோபம் இறங்கிவிட்டது. அதன் இடத்தில் பழைய அரிப்பு வந்து உட்கார்ந்தது. இவர் வாயால் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

பையிலிருந்த பத்திர நகலை எடுத்துக்கொண்டேன். அவர் கணக்கைப் பற்றி மற்றவர் காதில் விழும்படி பேசுவது தவறு என்பதால், யார் யார் இருக்கலாம் என்று அவரையே கேட்டேன். மனைவியைக் கூப்பிட்டார். அடுப்பு பார்க்கும் ஆளைக் கூப்பிட்டார். டீச்சரும் இருக்கட்டும் என்றார். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். வங்கி எப்போது கேட்டாலும் மொத்தப் பணத்தையும் உடனே கட்ட வேண்டும் என்ற இடம் வந்தபோது, "இப்படியா போட்டுகிது?" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் தட்டு அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இதை விடுங்க. உங்களால மாசம் எவ்வளவு முடியும்? எனக்காக வேணாம், இவங்களுக்கு முன்னால சொல்லுங்க" என்றேன்.

முந்நூறு என்று அவர் வாயெடுப்பார் என்று எதிர்பார்த்தேன். முந்நூறுக்குக் கையெழுத்துப் போட்டவர்தானே. அவரோ விரலை மடக்கினார், நீட்டினார். இருநூற்றைம்பது என்று ஆரம்பிக்கும்போதே மனைவி, "வாணாங்க. சொல்லிட்டா செஞ்சாவணும்" என்றார். ஏலத்தில் நூற்றைம்பத்தொன்று என்று கூவிய மனிதர் அங்கே நின்று வேர்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்ட் டீக்கடைகளுக்குச் சைக்கிளில் பன் போட ஆரம்பித்திருக்கிறார்களாம். ஒரு நாளைக்கு எத்தனை போகிறது, மைதா, விறகு, கூலி போக என்ன நிற்கிறது என்று இருவரும் எங்கள் முன்னாலேயே வாய்க்கணக்குப் போட்டார்கள்.

"நூத்தி எழுபத்தஞ்சும்மா" என்றார் கடைசியில். "ஒவ்வொரு மாசமும் பத்தாம் தேதி. பள்ளிக்கூடம் தொறந்து ஜூன் மாசம் யாவாரம் ஏறிச்சின்னா முந்நூறே கட்டறேன். இதுக்கு மேல சொல்லமாட்டேன்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ கோப்புகளில் தவணைத் தொகை என்ற கட்டத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணை மொத்தக் கடனை மாதங்களால் வகுத்து நாங்களே எழுதிவிடுவோம். கட்டப்போகிறவரைக் கேட்டு எழுதிய எண் ஒன்றைக்கூட அதுவரை நான் பார்த்ததில்லை. கையெழுத்து என்றால் எதற்கு வேண்டுமானாலும் போடுகிற மனிதர்கள், வாயால் சொல்வதென்றால் இத்தனை யோசிக்கிறார்கள். திரும்பும் பஸ்ஸில் நான் தூங்கவே இல்லை. ரேணிகுண்டா போகிற ஒருவர் ஏதோ பேச்சுக் கொடுத்தார், அவருக்கு ஒழுங்காகப் பதில்கூடச் சொல்லவில்லை.

ஜனவரிக் கமிட்டிக்கு என் அறிக்கையை வைத்தேன். தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டிக்கப் பரிந்துரை. ஏலம், சேவல், மைதா, அவர் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் அதில் எழுதியிருந்தேன். நீண்ட மேஜையைச் சுற்றி நாலைந்து அதிகாரிகள். ஒருவர் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சேவலை அடமானம் வைத்தால் நம் வங்கியில் என்ன மார்ஜின் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி அறிக்கையின்மேல் வைத்தார்.

"ராசிந்தி சதிவானம்மா" என்றார். எழுதியதைப் படித்துவிட்டாராம். "இப்புடு நோட்டிதோ செப்பு." இப்போது வாயால் சொல்ல வேண்டுமாம். அந்த ஆள் கட்டுவாரா?

பரிந்துரைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பழகிய கை என்னுடையது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டால் அவசர அவசரமாகக்கூடப் போட்டிருக்கிறேன். அது தப்பாகப் போனால் கோப்பில் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். இப்போது நாலு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன் விற்காமல் போனால்? டீக்கடைக்காரர்கள் காசு தராமல் இழுத்தடித்தால்? அறிக்கையில் முழு நம்பிக்கை உண்டு என்று எழுதியிருந்தேன். அந்த வார்த்தையை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஜூன் வரைக்கும் மாசம் நூற்றெழுபத்தைந்து கட்டுவார். அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது" என்றேன். "கட்டலைன்னா இதே மேஜைக்கு வந்து, நான் சொன்னது தப்புன்னு நானே சொல்றேன்."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஜூன் வரை மட்டும் அனுமதி என்று சிவப்பு மையில் எழுதி, அடுத்த கோப்பை எடுத்தார். நான் வெளியே வந்து பானைத் தண்ணீரை இரண்டு டம்ளர் குடித்தேன். சித்தூர்க் கிளை மேலாளருக்கு டிரங்க் கால் போட்டு, கமிட்டியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் அன்று மாலையே பேக்கரிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பது எனக்குத் தெரியாது.

பிப்ரவரி பத்தாம் தேதி வந்தது. காலையிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. லட்சக்கணக்கில் கடன் வாங்கிய மில்காரர்களின் கோப்புகளையெல்லாம் வெற்றிலை போட்டுக்கொண்டே பார்ப்பவள் நான். அன்று நூற்றெழுபத்தைந்து ரூபாய்க்காகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். நான் திறக்கவில்லை. தலைவர் ஒருமுறை என் மேஜையைக் கடந்து போனார். வேண்டுமென்றே போகிறார் என்று தோன்றியது. கவுண்டர் மூடும் நேரம் நெருங்கியது. நானாகப் போன் போட்டுக் கேட்கவும் பயமாக இருந்தது. யாரோ ஒருத்தர் குடும்பத்துக்காக இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று என்மீதே எரிச்சலும் வந்தது.

போன் அடித்தது. சித்தூர்தான். லைனில் ஒரே இரைச்சல். கிளை மேலாளர் கத்திப் பேசினார்.

"மேடம், பணம் வந்துடுச்சி! அவரு சம்சாரந்தான் எடுத்துகினு வந்தாங்க. முழுசா நூத்தி எழுபத்தஞ்சு. எல்லாம் சில்லறை, எண்ண நேரம் புடிச்சிகிச்சி. நா ரசீது போட்டுட்டு அப்பறமா உங்களுக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன். அந்தம்மா விடல."

"ஏன், என்ன சொன்னாங்க?"

"ரசீது கெடக்குதுங்க, மொதல்ல திருப்பதிக்குப் போன் போடுங்கன்னாங்க. எங்களுக்காக அந்தப் பொண்ணு வாய் விட்டு சொல்லிட்டு, பாவம் இந்நேரம் வரைக்கும் சோறு துன்னாம ஒக்காந்துகினு இருக்கும்னாங்க."

போனை வைத்துவிட்டேன். கண் நிறைந்துவிட்டது, எதிரில் இருந்தவர் எதையோ கேட்டது காதில் ஏறவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். தயிர்சாதம் புளித்துப்போயிருந்தது. அப்படியே சாப்பிட்டேன்.